ஒரு பேச்சுக்குக் கூப்பிட்ட கணவாய்

தெய்வசிகாமணி கூப்பிட்டார், அது வந்தது, அவ்வளவுதான் நடந்தது. பிற்பாடு ஆவாரங்காட்டுவலசில் யார் இந்தக் கதையை எடுத்தாலும் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். அந்த ஊரில் ஒரு பேச்சுக்குக் கூப்பிடுவதும், வந்தவரை இருக்கச் சொல்வதும், இருப்பவரைப் போகச் சொல்லாமல் இருப்பதும் யாரும் யோசித்துச் செய்கிற காரியங்கள் அல்ல. வடக்கே பனிமலையில் மேகத்துக்கும் மேலே கிடந்த ஒரு கணவாய், இரண்டு கரும்பாறைத் தோள்களோடும், அவற்றுக்கு நடுவே நெளியும் மண்சாலையோடும், சாயம்போன கொடித்துணிகளோடும், போகிற வருகிறவர்கள் அடுக்கிவிட்டுப் போன கற்குவியலோடும், ‘மெதுவாகச் செல்லவும்’ என்று இந்தியில் எழுதிய மஞ்சள் பலகையோடும் ஆடி மாதத்து ஒரு காலையில் ரேஷன் கடைக்கும் கொப்பரைக் களத்துக்கும் நடுவே வந்து உட்கார்ந்திருந்தபோது, அது எப்படி வந்தது என்று கேட்டவர்களைவிட, யார் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று கேட்டவர்களே அதிகம்.

தெய்வசிகாமணி வீட்டுக்குத்தான் வந்திருந்தது. முப்பது வருஷமாக ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு தண்ணீர் இல்லாத ஊர்களையெல்லாம் தேடிப்போய், யார் யாரோ காட்டில் துளை போட்டு, வண்டிக்கு அடியிலேயே படுத்து எழுந்து, நோம்பி, பண்டிகைக்கு மட்டும் வீட்டுக்கு வந்துபோன மனிதர் அவர். ஐம்பது வயதைத் தாண்டி, மகளையும் கட்டிக்கொடுத்தபின், வண்டியை விற்றுவிட்டு இனி வீட்டோடு இருக்கலாம் என்று வந்தார். வீடு அவரை ஒரு விருந்தாளியைப் போலத்தான் நடத்தியது. சாப்பாட்டு நேரத்துக்குத் தட்டு வைத்தது, படுக்கப் பாய் விரித்தது, அதற்குமேல் என்ன பேசுவது என்று வீட்டுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. சுவர்களுக்குள் படுத்தால் தூக்கம் வரவில்லை. ஒரு வருஷம் அப்படிப் புரண்டு பார்த்துவிட்டு, ஒரு பழைய ஃபோர்வீல் ஜீப்பை வாங்கி, பின்சீட்டைக் கழற்றிப் பலகை அடித்துப் படுக்கையாக்கி, கூரைமேல் கூடாரத்தையும் பக்கவாட்டில் டீசல் கேன்களையும் கட்டி, பனிமலைக் கணவாய்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார்.

"யாரு யாருங்க போறீங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி துளசிமணி.

"நான் மட்டுந்தான்."

"சரிங்க," என்றாள் அவள். பருப்புப்பொடி இடித்தாள், முறுக்குச் சுட்டு டின்னில் அடைத்தாள், திருப்பூருக்குப் போய் ஏற்றுமதியில் மிஞ்சிய கம்பளி ஸ்வெட்டர் இரண்டு வாங்கி வந்தாள். ஒன்று சாம்பல் நிறம், பெரியது. இன்னொன்று அரக்கு நிறம், சின்னது. இரண்டையும் கட்டில்மேல் அருகருகே வைத்திருந்தாள். தெய்வசிகாமணி பெரியதை எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டார். சின்னது யாருக்கு என்று கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமே என்று. துளசிமணிக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. மாடிப்படி ஏறினாலே மாராப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவளை அந்த உயரத்துக்கு எப்படிக் கூட்டிப்போவது என்று அவர் தன்னிடமே சொல்லிக்கொண்டார், ஊராரிடமும் சொன்னார். அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

போனார். தார் சாலை முடிந்த இடத்தில் டயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, ஃபோர்வீலைப் போட்டு, சரளையிலும் சேற்றிலும் ஆற்றுப்படுகைக் குண்டுக்கற்களிலும் ஊர்ந்து, வெயில் ஏறினால் பனி உருகி ஓடைகள் பெருகிவிடும் என்பதால் விடிந்ததும் ஓடைகளைக் கடந்து, மத்தியானத்துக்கு மேல் கிடைத்த சமதரையில் வண்டியை நிறுத்தி, எத்தனை விசில் விட்டாலும் சரியாக வேகாத சோற்றைப் பருப்புப்பொடி போட்டு மென்று, தண்ணீர் பாட்டில் உறைந்துவிடாமல் இருக்க அதைப் பிள்ளையைப்போல் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு படுத்து, மறுநாள் அடுத்த கணவாய், அதற்கும் மறுநாள் அதற்கடுத்த கணவாய் என்று போய்க்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றின் உச்சியிலும் தான் தேடிவந்த ஏதோ ஒன்று இருக்கும் என்று நினைத்து ஏறினார். உச்சியில் காற்றுதான் இருந்தது, அந்தக் காற்றுக்கு அப்பால் இன்னொரு கணவாய் தெரிந்தது. இப்படி ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கடைசியில் அவருக்குப் புரிந்ததெல்லாம் தான் களைத்துப்போயிருக்கிறோம் என்பதுதான். இந்த மலை தந்த களைப்பு மட்டும் இல்லை அது. ரிக் வண்டிக் காலத்துப் புழுதியும் இரைச்சலும், பார்க்காமல் விட்ட நோம்பிகளும், மகள் வளர்ந்த வருஷங்களும் பின்னாலேயே ஏறி வந்து இப்போதுதான் அவரைப் பிடித்திருந்தன.

கடைசிக் கணவாய்க்கு அடியில் ஆங்மோ என்கிற பெண்மணி கூடாரம் போட்டு டீயும் நூடுல்ஸும் விற்றுக்கொண்டிருந்தாள். அவர் வயதுதான் இருக்கும். தனியாகப் போகிறவர்களிடம் ஃபோன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்வது அவள் வழக்கம். நம்பரை வாங்கிக்கொண்டு மேலே அனுப்பினாள். உச்சியில் அவர் ஏறி நின்றபோது முன்னால் மண் சரிந்து வழி அடைபட்டிருந்தது, பின்னால் ஓடை பெருகி இறங்க முடியாமல் போயிற்று. சில நாட்கள் அங்கேயே கிடந்தார். கணவாயின் இடதுபக்கத் தோளில் காற்றுப் படாத ஒரு குடைவு இருந்தது, ஜீப்பை அதற்குள் ஒண்டி நிறுத்திக்கொண்டார். பாறை கசியவிட்ட தண்ணீரைக் குடித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏன் வந்தாய், எப்போது போவாய், எதை விட்டுவிட்டு வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் வராத தூக்கம் அந்தக் குடைவில் வந்தது. வழி திறந்து கிளம்புகிற காலையில், சோறு தின்ற வீட்டு வாசலில் நிற்பதுபோல அவர் ஒரு கணம் நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு பாறைகளையும் பார்த்து, "போயிட்டு வாரனுங்க. ஒருக்கா நம்மூட்டுப் பக்கம் வாங்க," என்றார்.

அவர் ஊரில் யாராக இருந்தாலும் சொல்கிற பேச்சு அது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் சொல்வார்கள், கரண்ட் கம்பம் நட வந்தவரிடமும் சொல்வார்கள், யாரும் வருவதில்லை. கணவாய்க்கு அது தெரியாது.

இறங்கி வருகிற வழியெல்லாம் முதுகில் சில்லென்று காற்று அடித்தது. பின்கதவு ரப்பர் போய்விட்டது என்று நினைத்துத் துணியைச் செருகிக்கொண்டார். நாக்பூர் வெயிலில் அவரைத் தாண்டிப்போன லாரிக்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு சுங்கச்சாவடியில் கட்டணம் வாங்கியவன் எட்டிப் பார்த்து, பின்னால் வருவது உங்களுடையதா, அதற்கு எத்தனை அச்சு என்று இந்தியில் கேட்டான். வேறு யாரையோ சொல்கிறான் என்று தெய்வசிகாமணி பேசாமல் வந்துவிட்டார். களைப்பில் அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் நாள் ஊரார் அதைப் பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் ஆடிக்காற்று என்றுதான் நினைத்தார்கள். பால் ஊற்றப் போனவர்கள் மூச்சு வாங்கி நடுவழியில் உட்கார்ந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்கள். டீக்கடைக்கு முன்னால் எல்லோரும் கூடினார்கள். கொப்பரைக் களம் வைத்திருக்கும் கொழந்தசாமி, தெய்வசிகாமணிக்குப் பங்காளி முறை, ஒரு கொப்பரையை எடுத்து வந்து பெஞ்சுமேல் டக்கென்று வைத்தார். அதன்மேல் உறைபனி மினுங்கியது.

"யாரு கூப்பிட்டது இதை?"

"நாந்தாங்க," என்றார் தெய்வசிகாமணி. "ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"எல்லாரும் பேச்சுக்குத்தான் பங்காளி சொல்றோம். நம்ம ஆளுக மூணு தடவை கூப்பிட்டாத்தான் செருப்பையே மாட்டுவாங்க. மொதத் தடவை வேண்டாம்பாங்க, ரெண்டாந்தடவை வேலை கெடக்குதும்பாங்க. இது என்னடான்னா ஒருக்காச் சொன்னதுக்கே பொட்டியைக் கட்டிக்கிட்டு வந்திருக்குது."

"மலைங்க அது. நம்ம பழக்கம் அதுக்கு என்ன தெரியும்?" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் லோகநாயகி. நாற்பது வயது, எதையும் சிரிக்காமல் சொல்கிறவர். "கூப்பிட்டதை நம்பி இத்தனை தூரம் வந்திருக்குது. வந்த மொத நாளே மூஞ்சியைக் காட்டறதா? இருக்கட்டும். அண்ணா, உங்க பேச்சை நம்பி வந்த ஒரே ஆளு இதுதான் போலிருக்குது, நல்லாப் பாத்துக்கங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தெய்வசிகாமணியும் சிரித்தார், ஆனால் அந்தப் பேச்சு முள்ளாக எங்கோ தைத்தது.

அப்படியாகக் கணவாய் இருந்தது. ஊர் அதை வைத்துக்கொண்டு பிழைக்கப் பழகியது. ஐம்பது எட்டு வைத்தால் போய்ச் சேர்ந்துவிடுகிற ரேஷன் கடைக்கு இப்போது காலையில் கிளம்பினால் மத்தியானம் போய்ச் சேரவேண்டியிருந்தது. பூண்டை மென்றுகொண்டு, ஒரு வளைவுக்கு ஒரு தடவை உட்கார்ந்துகொண்டு, சர்க்கரைப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் கணவாய் ஏறி இறங்கினார்கள். மினிபஸ் டிரைவர் ஊர் எல்லையிலேயே முதல் கியருக்கு வந்துவிடுவார். பால் சொசைட்டியில் பால் திரிவது நின்றது. கறிக்கடைக்காரர் பனியில் கறியைப் புதைத்துவைத்து வாரம் முழுவதும் விற்றார். கொடித்துணிகளைத் துணி காயப்போடும் கொடி என்று நினைத்து அவற்றுக்குப் பக்கத்திலேயே புடவைகளைப் போட்டார்கள், புடவைகள் அப்பளம்போல விறைத்தன, தட்டி மடித்து எடுத்துவந்தார்கள். வெள்ளாடுகளுக்கு வயிற்றுப்பக்கம் மயிர் அடர்ந்தது. திருப்பூர் ஸ்வெட்டர்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்கிற ஜோடிகள் தாராபுரத்திலிருந்தும் பல்லடத்திலிருந்தும் வந்து நீலம் பாரித்த உதடுகளோடு சிரித்துவிட்டுப் போனார்கள். மாரியம்மன் சப்பரம் வழக்கமாகப் போகிற வழியில் கணவாய் உட்கார்ந்திருந்ததால், வழியை மாற்றுவது அம்மனுக்கும் மரியாதையில்லை விருந்தாளிக்கும் மரியாதையில்லை என்று, அம்மனுக்கு ஒரு கம்பளியைச் சுற்றி, தூக்குகிறவர்களை நாலு தடவை மாற்றி, அந்தப் பக்கம் இறக்கிக் கொண்டுபோனார்கள்.

கொப்பரை மட்டும் காயவில்லை. காங்கேயம் பக்கத்து வெயில் ஒன்றை மட்டுமே நம்பி நடக்கும் தொழில் அது. களம் முழுவதும் பரப்பிவைத்த தேங்காய்ப் பருப்பு வெளுத்து, பூசணம் பிடித்து, வாடையடித்தது. கொழந்தசாமி தாங்கிப் பார்த்துவிட்டு ஒருநாள் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு கணவாயின் கீழ் போய் நின்றார். நீண்டநாள் தங்கிவிட்ட விருந்தாளியிடம் ஊரில் எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேசச் சொன்னார்.

"ஊருல மழையெல்லாம் எப்புடிங்க?" என்று கேட்டாள் ஒருத்தி, மேலே பார்த்து.

"வூட்ல தேடமாட்டாங்களா? போட்டது போட்டபடி வந்திருப்பீங்க," என்றாள் இன்னொருத்தி.

கணவாயிலிருந்து ஒரு காற்று வந்து அவர்கள் முந்தானைகளை முகத்தில் போர்த்திவிட்டுப் போயிற்று. "அவசரமில்லைங்குது," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்கள். போங்கள் என்று நேராகச் சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை, கொழந்தசாமிக்கும்தான்.

இதற்குள் துளசிமணி சென்னிமலையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். கணவாய் வந்த அன்றைக்கே அவளுக்கு மூச்சு ஏறி இறங்க ஆரம்பித்தது. ஊரில் மற்றவர்களுக்குத் தலைவலி என்றால் அவளுக்கு உட்கார்ந்த இடத்தில் எழ முடியவில்லை. பஃப் அடித்து அடித்துப் பார்த்தாள், நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. டாக்டர், இந்தக் காற்றில் இருந்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் மூச்சு நின்றுவிடும் என்றார். அவள் அண்ணன் அர்த்தநாரி காரைக் கொண்டுவந்து கூட்டிப்போனார். ஏறும்போது, "மாப்பிள்ளை, அது எப்பப் போகும்?" என்று கேட்டார். தெய்வசிகாமணி தெரியவில்லை என்றார். துளசிமணி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், அதன் வாயில் அரக்கு நிறக் கம்பளியின் ஓரம் தெரிந்தது.

அவள் போனபின் வீடு இன்னும் பெரிதாயிற்று. அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போய், ஏறி, அதே இடதுபக்கத் தோளில் அதே குடைவில் வண்டியை ஒண்டி நிறுத்தி, அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் அவர் வீட்டின் பின்சுவர் தெரிந்தது. மூடிக்கிடக்கும் சமையலறை ஜன்னல் தெரிந்தது. அவள் துணி துவைக்கும் கல்லின்மேல் ஒரு காக்கா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஊரார் கீழேயிருந்து கை காட்டுவார்கள். விருந்தாளிக்குத் துணையாக இருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் உட்கார்ந்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேனா? துண்டைக் கையில் எடுத்தேனே, பேச்சுக்குச் சொல்கிறவன் துண்டை எடுப்பானா? அவள் மூச்சைப் பணயம் வைத்தா இதைக் கொண்டுவந்தேன்? போகச் சொல்லத் தெரியாமல் இருக்கிறேனா, மனசில்லாமல் இருக்கிறேனா? கேள்விகள் தீரவில்லை. தூக்கம் மட்டும் நன்றாக வந்தது, அதை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

புரட்டாசி பிறந்ததும் ஆங்மோவிடமிருந்து ஃபோன் வந்தது.

"பாய்சாப், எங்க கணவாய் உங்க ஊர்லதான் இருக்குதா?" என்று கேட்டாள், பக்கத்து வீட்டுக்கு வந்த கோழியை விசாரிப்பதுபோல.

"இங்கதான் இருக்குதுங்க," என்றார் அவர், ரிக் வண்டியோடு ஊர் சுற்றிக் கற்ற தன் லாரி இந்தியில்.

"நல்லாருக்குதா?"

"நல்லாத்தான் இருக்குது. நான்தான் வீட்டுக்கு வரச் சொன்னேன்."

"நீங்க போன மறுநாள் பார்த்தா மலை சாத்திக்கிடக்குது. கதவு மாதிரி. பாட்டெல்லாம் பாடிப் பார்த்தாங்க, பூஜை போட்டாங்க. அப்புறம் சரி, எங்கயோ போயிருக்குது வரும்னு விட்டுட்டோம். ஆனா என் அக்கா பொண்ணு அந்தப் பக்கம், மாப்பிள்ளை இந்தப் பக்கம். நிச்சயம் பண்ணின கல்யாணம். அடுத்த மாசம் பனி விழுந்துரும், அதுக்கப்புறம் நீங்க கொண்டுவந்து வெச்சாலும் மண்ணு உறைஞ்சு பழைய இடத்துல ஒட்டாது. என் கடையிலயும் ஆளு இல்லை. கோபமா சொல்லலை. விருந்துக்குப் போறது நல்லதுதான். கொண்டுவந்து விட்டுருங்க."

அவர் கணவாயிலிருந்து இறங்கி, நேராகச் சென்னிமலைக்குப் போனார்.

அர்த்தநாரி வீட்டில் துளசிமணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உடம்பு தேறியிருந்தது. மூச்சு எப்படிப் போகிறது எப்படி வருகிறது என்று நினைக்காமலேயே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள், அதைப் பார்க்கவே அவருக்கு ஒருமாதிரி இருந்தது. ஃபோன் வந்ததைச் சொன்னார். கொண்டுபோய்விடப் போவதாகச் சொன்னார். இனி வீட்டுக்கு வரலாம் என்றார்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, அதை நீங்களா வாய்விட்டுக் கூப்பிட்டீங்களா?"

"ஆமா."

"என்னன்னு கூப்பிட்டீங்க?"

"ஒருக்கா நம்மூட்டுப் பக்கம் வாங்கன்னு."

"வாங்கன்னு." அவள் அந்தச் சொல்லைத் திருப்பிப் பார்த்தாள். "கல்லுக்கும் காத்துக்கும் மரியாதை போட்டு. சரி, பரவாயில்லீங்க. எனக்கு இழுப்பு இருக்குது, அந்த ஒசரத்துக்கெல்லாம் என்னால ஆவாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? கேட்டிருந்தீங்கன்னா வரலைன்னுதான் சொல்லியிருப்பேன். முப்பது வருஷத்துல எங்கெங்கியோ போனீங்க. ஒவ்வொரு வாட்டியும் வரலைன்னு சொல்றதுக்குத் தயாராத்தான் இருந்தேன். கேட்டாத்தானுங்க சொல்ல முடியும்?"

அவள் மறுபடி முறத்தை எடுத்தாள். அர்த்தநாரி சாப்பிட்டுப் போகச் சொன்னார், சாப்பிட்டார். கை கழுவும்போது, "மச்சான், வாரேன்," என்று சொல்லிவிட்டு வந்தார். அவளிடம் சொல்லவில்லை.

விருந்தாளியை வழியனுப்புகிற முறை ஊருக்குத் தெரியும். தாங்களாகப் போகச் சொல்லமாட்டார்கள், கூப்பிட்டவரே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முன்னால் நடந்துபோய் விட்டுவிட்டு வரவேண்டும். இதன் பஸ் ஸ்டாண்டு கொஞ்சம் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். லோகநாயகி ஊரைக் கூட்டினார். வாழை இலை போட்டு, பந்தியின் தலைமாட்டில் கணவாய்க்கும் ஓர் இலை போட்டு, கச்சாயம், ஒப்பிட்டு என்று இனிப்புப் பலகாரங்கள் வைத்தார்கள். காற்று வந்து இலையைப் புரட்டிவிட்டுப் போனது, திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டது என்றார்கள். வலதுதோள் பாறையில் ஒரு வேட்டியையும் துண்டையும் கட்டினார்கள். கறிக்கடைக்காரர் உண்மையாகவே அழுதார். கொழந்தசாமி பூசணம் பிடிக்காத கொப்பரையாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு மூட்டை கட்டிவந்து ஜீப்பில் வைத்தார்.

"இதை அங்க டீ விக்கற அம்மாளுக்குக் குடு பங்காளி. என்ன பண்றதுன்னு கேட்டா எண்ணெய் ஆட்டச் சொல்லு."

"அங்க எண்ணெய் ஆட்டற செக்கு இல்லையே."

"அப்ப வெச்சுப் பார்க்கச் சொல்லு. வெறுங்கையோட அனுப்ப முடியுமா?" பிறகு குரலைத் தணித்து, மேலே கேட்டுவிடாமல், "வர்ற வழியில யாரையும் கூப்பிட்டுப்போடாதே," என்றார்.

தெய்வசிகாமணி ஜீப்பை எடுத்தார். முழங்கால் வலித்தது. அவ்வளவு தூரத்தையும் திரும்ப ஏறவேண்டும் என்று நினைத்தபோதே முதுகு முறிந்தது. கண்ணாடியில் பார்த்தார். கணவாய் இருந்த இடத்திலிருந்து, நீண்டநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருப்பதுபோல, ஒரு தோளைச் சரித்து, இன்னொரு தோளைச் சரித்து எழுந்து, வேட்டி காற்றில் படபடக்கப் பின்னால் வந்தது. அது விட்டுப்போன இடத்தில் வெயில் தொப்பென்று விழுந்தது. களத்தில் கொப்பரை சடசடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டது.

நேர்வழியில் போனால் கரூர் போய் வடக்கே போகும் நெடுஞ்சாலையில் ஏறியிருக்கலாம். அவர் சென்னிமலைக்குத் திருப்பினார். கணவாய் ஒன்றும் கேட்காமல் பின்னால் வந்தது, அதன் வழக்கம் அது.

தறிச்சத்தம் கேட்கிற தெருவின் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். கணவாய் ஊருக்கு வெளியே, சோளக்காட்டுக்கு அப்பால், அழைக்காத வீட்டுக்கு வந்துவிட்டவரைப்போல ஒதுங்கி நின்றது. அத்தனை தூரத்தில் நின்றதால் தெருவில் காற்று சாதாரணமாகத்தான் இருந்தது. துளசிமணி வாசலில் நின்று கையை நெற்றிக்கு வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பிட்டீங்களா?"

"ஆமா." அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். கையில் வைத்துக்கொண்டார். "நீயும் வா அம்மிணி."

அவள் அவரையும் துண்டையும் பார்த்தாள்.

"எனக்கு இழுப்பு இருக்குதுங்க. நான் வரலை. நீங்க போயிட்டு வாங்க."

அவள் சொன்னபடியே சொல்லிவிட்டாள். கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. முப்பது வருஷத்துப் பாக்கி தீர்ந்தது என்று அவர் தலையாட்டிக்கொண்டு திரும்பி நடந்தார். ஜீப்பின் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தவர், தூரத்தில் நிற்கும் கணவாயைப் பார்த்தார். ஒரு தடவை கூப்பிட்டதற்கே எழுந்து வந்த அந்த மலையைத் தவிர, தன் ஊரில் தன் சனத்தில் ஒரு தடவை கூப்பிட்டு வந்தவர் யாராவது உண்டா என்று யோசித்தார். காலை வெளியே எடுத்துக் கதவைச் சாத்திவிட்டு மறுபடி வாசலுக்கு வந்தார்.

"வா அம்மிணி. அது பின்னாடியேதான் வரும், ஓடற வண்டியில நமக்கு முன்னாடி நல்ல காத்துதான் இருக்கும். மலை ஏற ஆரம்பிக்கற எடம் வரைக்கும் வா. அங்க ஒரு ரூம் எடுத்துக்கலாம். நான் மேல போய் விட்டுட்டு வந்தர்றேன்."

"அண்ணன் வீட்ல வேலை கெடக்குதுங்க. அரிசி ஊறப் போட்டிருக்கேன்," என்றாள் துளசிமணி. ஆனால் அவள் கை கதவுநிலையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்திருந்தது. உள்ளே அர்த்தநாரி தறியை நிறுத்திவிட்டார். தெரு முழுவதும் ஒவ்வொரு தறியாக நின்று, அத்தனை பேரும் அவர் இன்னொரு தடவை சொல்வதற்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது.

"வாங்க," என்றார் தெய்வசிகாமணி. பாறைகளுக்குச் சொன்ன அதே சொல்லை, அதே மரியாதையோடு.

அவள் உள்ளே போனாள். மாவு அரைக்கச் சொல்லி யாரிடமோ சொல்லும் குரல் கேட்டது, பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பஃப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு துணிப்பையோடு, அரக்கு நிற ஸ்வெட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். விலைச்சீட்டு இன்னும் அதில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் கொப்பரை மூட்டையைப் பின்னால் தள்ளி இடம் செய்தார். அவள் ஏறி உட்கார்ந்து, ஸ்வெட்டரை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, பக்கக் கண்ணாடியைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பினாள். அவர் வண்டியைக் கிளப்பினார். சோளக்காட்டுக்கு அப்பால் கணவாய் எழுந்து, ஒரு தோளைச் சரித்து, இன்னொரு தோளைச் சரித்து, கட்டியிருந்த வேட்டி தரையில் புரளப் பின்னால் வர ஆரம்பித்தது.

துளசிமணி அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"மெதுவாப் போங்க," என்றாள். "அதுக்கும் மூச்சு வாங்கும்."